பெயிண்ட் கலையாமல் ஒடுக்கெடுத்த கதை

கார் கதவில் சின்னதாக ஓர் ஒடுக்கு விழுந்தாலே நமக்கு வயிறு எரியும். ஆனால் ஒடுக்கு இருந்தால்தான் விலைபோகும் என்ற நிலையில் ஒரு பொருள் இருந்தது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மார்புக்கவசம் செய்து விற்ற கொல்லர்கள், சரக்கை ஒப்படைக்கும் முன் தாங்களே அதன்மேல் துப்பாக்கியால் சுடுவார்கள். குண்டு துளைக்காமல் பள்ளம் மட்டும் விழுந்தால் கவசம் தேறிவிட்டது என்று பொருள். அந்தப் பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் அப்படியே விட்டுவைப்பார்கள். அன்றைக்கு அதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை.

போர்க்களத்தில் வாங்கிவந்த மற்ற பள்ளங்களை எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆக்ஸ்பர்க், மிலான் நகரக் கவசக் கொல்லர்கள் அதற்கு வழவழப்பான முகம் கொண்ட சுத்தியலையும், உட்புறம் கொடுத்துத் தாங்கும் குமிழ்த்தலைக் கம்பிகளையும் வைத்திருந்தார்கள். நம் தெருக்களில் அண்டாவுக்கும் குடத்துக்கும் ஒடுக்கெடுத்து ஈயம் பூசிக் கொடுத்தவர்களின் சாக்குப் பையிலும் ஏறக்குறைய அதே சாமான்கள்தான் இருந்தன. தகட்டை ஒரு பக்கம் தாங்கி மறுபக்கம் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது அத்தனை பழைய வித்தை. இன்று பழைய கார் பிரியர்கள் சொக்கிப்போய்ப் பேசும் ‘பெயிண்ட்லெஸ் டென்ட் ரிமூவல்’ கலையில் ஒடுக்கு எடுப்பது பெரிய சேதியே இல்லை. மேலே பூசியிருக்கும் வண்ணத்தில் ஒரு கீறல்கூட விழாமல் அதைச் செய்வதுதான் சேதி. அதனால் சுத்தியலின் கதையோடு பெயிண்டின் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் கார்களுக்கு ஒடுக்கு ஒரு பிரச்சினையே அல்ல. அவற்றைக் கட்டியவர்கள் குதிரை வண்டி கட்டியவர்கள். மரச்சட்டம், மரப்பலகை, தோல், துணி. சென்னை மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியும் 1840இல் சேணமும் குதிரை வண்டியும் செய்யும் பட்டறையாகத்தான் தொடங்கியது. 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் அங்கே ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார். அந்தக் காலத்து உடல்கள் இடித்தால் உடையும், பிளக்கும், கிழியும். ஒடுக்கு விழ இரும்புத்தகடு வேண்டுமே! வர்ணமோ வண்டிக்காரர்களின் எண்ணெய் வார்னிஷ். ஒரு பூச்சு, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு என்று ஒரு கார் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

இரும்பு உள்ளே வந்தது பிலடெல்பியாவிலிருந்து. ரயில்பெட்டிகளுக்கு அழுத்தத் தகடு செய்து பழகிய எட்வர்ட் பட் 1912இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். மரமே இல்லாமல், தகடுகளைப் பற்றவைத்து முழு இரும்பு உடல் செய்யலாம் என்றார். அவரை நம்பிய பெரிய வாடிக்கையாளர்கள் டாட்ஜ் சகோதரர்கள். 1920களின் நடுவில் பிரான்சின் சிட்ரோயன் அதே முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. இரும்பு உடலில் ஒரு சௌகரியம், பெயிண்ட் அடித்து அடுப்பில் வைத்துச் சுடலாம். மரத்தை அப்படிச் சுட முடியாது. ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி கார்களைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றதற்கும் வண்ணம் சீக்கிரம் காயவேண்டும் என்ற அவசரத்தோடு தொடர்பு உண்டு.

அந்த அவசரத்துக்கு விடை வெடிமருந்து ஆலையிலிருந்து வந்தது. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் முதல் உலகப்போரில் பீரங்கிகளுக்குத் தீனியாயிற்று. போர் முடிந்ததும் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியிடம் ஆலைகள் மிஞ்சின, வாங்க ஆளில்லை. அதே பொருளிலிருந்து சினிமா ஃபிலிம் செய்யலாமா என்று நியூ ஜெர்சியின் பார்லின் நகரில் முயன்றுகொண்டிருந்தார்கள். 1920 கோடையில் அங்கே ஒரு பீப்பாய்க் கரைசல் வெயிலில் கிடந்துவிட்டது. திறந்து பார்த்தால் கூழாக இருக்கவேண்டியது தண்ணீராக ஓடியது. ஃபிலிமுக்கு உதவாத சரக்கு. ஆனால் தெளித்துப் பூசலாம், அடர்த்தியாக நிறம் சேர்க்கலாம், உடனே காயும். ‘டூக்கோ’ என்ற பெயரில் அது 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக ஏறியது. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று. நம்மூர் மரச்சாமான் கடைகளில் இன்றும் ‘டூக்கோ பெயிண்ட்’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அதே பெயர்தான்.

அதைத் தெளித்த கருவிக்கோ இன்னும் விசித்திரமான பூர்வீகம். ஓஹியோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் தொண்டையில் மருந்தைப் புகையாகத் தெளிக்க 1880களின் கடைசியில் ஒரு சின்னக் கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதைப் பெரிதாக்கி, பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியாக மாற்றினார். வெடிமருந்துப் பஞ்சும் தொண்டை மருந்துக் குப்பியும் சேர்ந்துதான் நமக்குப் பளபளப்பான காரைக் கொடுத்தன.

இந்தக் கூட்டணிதான் ஒடுக்கெடுக்கும் கலைக்கு முதல் எதிரியும் ஆனது. பெயிண்ட் இத்தனை சுலபமாகக் கிடைக்கும்போது அதைக் காப்பாற்ற எவன் மெனக்கெடுவான்? ஒடுக்கைத் தட்டு, மேடு பள்ளத்தை நிரப்பு, மேலே தெளி. நிரப்புவதற்கு முதலில் உருக்கிய ஈயக்கலவை வந்தது. 1950களில் பாலியெஸ்டர் பசை வந்தது. நம் பட்டறைகளில் அதற்குப் ‘பட்டி’ என்று பெயர். ஈயம் வைக்கவாவது கை தேர்ந்திருக்க வேண்டும். பட்டியைத் தடவி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு மாதப் பழக்கம் போதும். சென்னையிலும் மதுரையிலும் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று பலகை மாட்டிய பட்டறைகளில் நல்ல கை உள்ள மேஸ்திரிகள் எத்தனையோ பேர் உண்டு. ஆனாலும் அம்பாசடர் கார்களின் கதவுகளைச் சுரண்டிப் பார்த்தால் இரும்பைவிடக் கனமாகப் பட்டி இருக்கும். தட்டத் தெரியாததால் அல்ல. தட்ட நேரம் கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இல்லை.

சுத்தியலின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று ஃபிராங்க் சார்ஜென்டைச் சொல்லலாம். கிளீவ்லாந்தில் பட்டறைக் கருவிகள் செய்த ஃபேர்மவுன்ட் கம்பெனிக்காக 1930களில் அவர் எழுதிய ‘தி கீ டு மெட்டல் பம்பிங்’ என்ற சிறு கையேடு இன்றும் அச்சில் கிடைக்கிறது. கருவி விற்பதற்காக எழுதிய விளம்பரப் புத்தகம்தான். ஆனால் அதன் அடிப்படைப் பாடம் அருமையானது. தகடு எந்த வரிசையில் நசுங்கியதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் அதை விடுவிக்க வேண்டும். கடைசியில் மடிந்தது முதலில் நிமிர வேண்டும். பள்ளத்தின் நடுவைப் பார்த்து ஒரே போடாகப் போடுகிறவன் தகட்டை நீட்டிக் கெடுக்கிறான் என்பது அதன் சாரம். இன்றைய ஒடுக்குக்காரர்கள் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ சார்ஜென்டின் சீடர்கள்தாம்.

கார் ஆலைகளுக்குள்ளும் இந்த வேலை ஓசைப்படாமல் நடந்துகொண்டிருந்தது. பெயிண்ட் ஏறிய பிறகு தள்ளுவண்டி இடித்தோ, தொழிலாளியின் பெல்ட் பட்டோ விழும் சிறு ஒடுக்குகளுக்காக உடலை மறுபடி பெயிண்ட் அறைக்கு அனுப்பினால் வரிசையே நின்றுவிடும். எனவே, அங்கேயே உள்ளிருந்து நெம்பி எடுக்கத் தெரிந்தவர்களை அமெரிக்க ஆலைகள் ‘டிங் மேன்’ என்ற பெயரில் வேலைக்கு வைத்திருந்தன.

ஆனால் தொழில்காரர்கள் தங்கள் கலைக்கு ஒரு பிறந்தநாளைச் சொல்வார்கள். அது 1960, நியூயார்க்கில் நடந்த ஒரு கார் கண்காட்சி. மெர்சிடிஸ் கம்பெனியின் ஆஸ்கர் ஃபிளெய்க் என்ற ஊழியரின் வேலை, பார்வையாளர்கள் கைவைத்துக் கெடுத்த கார்களை ஒவ்வோர் இரவும் சரிசெய்து மறுநாள் நிறுத்துவது. மறு பெயிண்ட் அடிக்க நேரம் இல்லாத ஒருநாள், சுத்தியலின் கைப்பிடியை உள்ளே விட்டு ஒடுக்கை நெம்பினார். பெயிண்ட் அசையாமல் தகடு நிமிர்ந்தது. மேலதிகாரிகள் அசந்து அவரை ஜெர்மனிக்கு அழைத்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கதை அழகாக இருக்கிறது. ஃபிளெய்க் கைதேர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் ஆள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டெட்ராய்ட் டிங் மேன்கள் அதற்கு முன்பே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தொழிலுக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டது, நல்ல கதை ஒன்று அவருக்கு வாய்த்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மெல்லிய தகடு நசுங்கும்போது எல்லா இடமும் நிரந்தரமாக வளைந்துவிடுவதில்லை. உண்மையில் மடிந்தது கொஞ்ச இடம்தான்; சுற்றியுள்ள மிச்சம், பழைய இடத்துக்குத் திரும்பத் தவித்துக்கொண்டு, அந்த மடிப்பால் பிடிபட்டுக் கிடக்கும். பவுடர் டப்பா மூடியை அழுக்கினால் ‘டொக்’கென்று உள்ளே போய் வெளியே வருமே, அந்தத் துடிப்புதான். மடிந்த விளிம்பை மெல்லத் தளர்த்தினால் மீதி தானாகவே எழும். இதற்காக நீண்ட எஃகு ராடுகளைக் கதவு இடுக்கு, விளக்குக் குழி வழியாக உள்ளே விட்டு, மொச்சைக்கொட்டை அளவு இடத்தை ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். ஓர் ஒடுக்குக்கு நூறு அழுத்தம் ஆனாலும் ஆகலாம். எங்கே அழுத்துகிறோம் என்பதைக் கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோடுகள் போட்ட விளக்குப் பலகையை எதிரே நிறுத்தி, பெயிண்டில் அந்தக் கோடுகள் எப்படி நெளிகின்றன என்று பார்த்தே வேலை நடக்கும். கோடு நேரானால் தகடும் நேர். எங்காவது மேடு தட்டினால், நைலான் முனையை வைத்து மேலிருந்து லேசாகத் தட்டி இறக்குவார்கள். பெயிண்டின் பளபளப்புதான் இங்கே அளவுகோல். அது மங்கிப்போன காரில் எத்தனை பெரிய கைக்காரரும் குருடர்தான்.

ஆலைச் சுவருக்குள் இருந்த இந்தக் கலையை ஊருக்குள் அனுப்பியது வானம். அதற்கு வழிசெய்தது இரும்பு உருக்காலை. 1930களின் தொடக்கம் வரை கார்களின் கூரை நடுவில் துணிதான் இருந்தது. அத்தனை அகலமான தகட்டை உருட்ட ஆலைகளால் முடியவில்லை. அகலத் தகடு உருட்டும் ஆலைகள் வந்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ஒரே தகட்டில் முழு இரும்புக் கூரை போட்டது. மழை ஒழுகவில்லை, குளிர் அடிக்கவில்லை. ஆனால் ஆலங்கட்டி மழைக்கு இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

1984 ஜூலை 12 மாலை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அது பெய்தது. டென்னிஸ் பந்தைவிடப் பெரிய கட்டிகள். வீடுகள் போக, சுமார் 2,00,000 கார்கள் அடிவாங்கின. உலகத்துக்கே மறுகாப்பீடு கொடுக்கும் மியூனிக் ரீ கம்பெனியின் தலைமையகம் அதே ஊரில் இருந்தது வேடிக்கையான பொருத்தம். ஒவ்வொரு காரிலும் நூற்றுக்கணக்கான ஒடுக்குகள். எல்லாம் வழவழப்பான கிண்ணம் மாதிரி, பெயிண்ட் உடையாதவை. அத்தனை கூரைகளையும் வெட்டி மாற்றவோ பட்டி தடவவோ பட்டறைகள் போதாது. ராடு பிடிக்கத் தெரிந்தவன் ராஜாவானான். காப்பீட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு உடனே புரிந்தது: செலவு குறைவு, நாள் குறைவு.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் டென்ட் விசார்ட் 1983இலேயே தொடங்கியிருந்தது. டெக்சாஸ் முதல் கொலராடோ வரை வசந்தகால ஆலங்கட்டி அவர்களுக்கு அறுவடை. பிரேசில்காரர்கள் இந்தக் கலைக்கு ‘தங்கச் சுத்தியல்’ என்று பெயர் வைத்து, கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அர்ஜென்டினாக்காரர்களும் இத்தாலியர்களும் சேர்ந்து, புயல் வரைபடத்தைப் பார்த்துக் கண்டம் தாண்டும் ஒரு நாடோடிக் கூட்டமே உருவாயிற்று. ஜூனில் ஜெர்மனி, டிசம்பரில் ஆஸ்திரேலியா. 1999 ஏப்ரலில் சிட்னியில் பெய்த ஆலங்கட்டியில் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் அடிபட்டன. தொழில் ரகசியம் கசியக்கூடாது என்று திரைகட்டி வேலை செய்தவர்கள் உண்டு. ராடுகளைக் கடையில் வாங்க முடியாத ஆரம்ப நாட்களில், கிடைத்த எஃகுக் கம்பியைத் தாங்களே வளைத்துக்கொண்டார்கள்.

ரகசியம் எங்கே இருந்தால் நகல் அங்கே வரும். தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சிகளில் ‘டிங் கிங்’, ‘பாப்ஸ்-எ-டென்ட்’ என்று பசையும் பிளாஸ்டிக் வளைவும் கொண்ட பெட்டிகள் வந்தன. வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் ஒடுக்கெடுக்கலாமாம். ஹேர் டிரையரால் சூடாக்கி உலர்பனிக்கட்டி வைத்தால் பள்ளம் தானாக எழும் என்று இன்றும் காணொளிகள் சுற்றுகின்றன. ஆழமில்லாத பெரிய பள்ளம் சில நேரம் எழத்தான் செய்யும். கூர்மையான ஒடுக்கில் எழுவது விற்றவரின் வருமானம் மட்டும். பசைவைத்து வெளியே இழுக்கும் முறை மட்டும் நகல்களைத் தாண்டி முறையான தொழிலிலும் நிலைத்தது. புதிய கார்களில் உள்தகடு மூடிக்கொண்டிருப்பதால் ராடு போகாத இடங்கள் அதிகம். இதற்கு முன்பே விமானத் துறை தனிவழியில் போயிருந்தது. 1970களில் போயிங் பொறியாளர்கள் மின்காந்த அதிர்வால் அலுமினியத் தகட்டை வெளியிலிருந்தே இழுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

இவ்வளவும் காசு மிச்சப்படுத்தும் கதை. பழைய கார் இதற்குள் நுழைந்தது வேறு வாசல் வழியாக. அந்த வாசலைத் திறந்தவர்கள் கார்க்காரர்களே அல்ல. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக்கலை வல்லுநர்கள், பழைய சின்னங்களைப் புதுசாக்கிக் காட்டுவதைவிட அசலைக் காப்பதே முக்கியம் என்று ஒரு சாசனம் எழுதினார்கள். அந்தச் சிந்தனையை வாகனங்களுக்குப் பொருத்தி, பழைய வாகனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012–13இல் டூரின் சாசனத்தைக் கொண்டுவந்தது. கோயில் தூணுக்கு மணல்வீச்சு அடிக்காதே என்கிற அதே நியாயம், மோரிஸ் மைனரின் மட்கார்டு வரை வந்துவிட்டது.

சந்தையும் ஒத்து ஊதியது. மேற்குப் பிரான்சில் பாயோன் குடும்பத்துக் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் தூங்கிய கார்கள் 2015 பிப்ரவரியில் பாரிசில் ஏலத்துக்கு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் அவற்றில் ஒன்று. ஒருகாலத்தில் நடிகர் அலென் தெலோனின் கைகளில் இருந்த வண்டி. தூசியைக்கூடத் துடைக்காமல் நிறுத்தினார்கள். 1.6 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. அதுவரை ‘பெயிண்ட் அடித்துப் புதுசாக்கு’ என்று சொன்ன வாய்கள் எல்லாம் ‘தொடாதே’ என்று சொல்லத் தொடங்கின.

அங்கேதான் ஆலங்கட்டிக்காரனின் ராடு பாதுகாவலரின் கருவியாயிற்று. பழைய காரில் அவனுக்குச் சாதகமும் உண்டு, கண்ணியும் உண்டு. தகடு மென்மையான சாதா எஃகு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்; இன்றைய கார்களில் 0.7 சுற்றி. அதனால் நெம்ப அதிக பலம் வேண்டும். ஆனால் உள்ளே இடம் தாராளம். கதவு அட்டையைக் கழற்றினால் கையே போகும். கண்ணி பெயிண்டில் இருக்கிறது. இன்றைய அடிப்பூச்சும் தெளிபூச்சும் ரப்பர்போலத் தகட்டோடு வளையும். வெடிமருந்துப் பஞ்சில் பிறந்த அந்தப் பழைய லாக்கர் அறுபது வருடத்தில் காய்ந்து, அழுத்தினால் சிலந்திவலையாக வெடிக்கும். பசைவைத்து இழுத்தால் பெயிண்டும் கூடவே வந்துவிடும். விளக்கால் இளஞ்சூடு காட்டி, ஒரு நாள் வேலையை மூன்று நாளாகப் பரப்பி, பின்னாலிருந்து மட்டும் தள்ளுகிறார்கள். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 போன்ற அலுமினிய உடல் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். எஃகுக்கு உள்ள திரும்பும் துடிப்பு அதற்குக் குறைவு.

எல்லா ஒடுக்கையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1950களில் பந்தயத்தில் வாங்கிய அடியை எடுப்பது வரலாற்றை அழிப்பது என்பார்கள். பந்தய அடி என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். போன மாதம் கல்யாண மண்டப வாசலில் ஒரு ஸ்கூட்டர் இடித்தது எந்த வரலாற்றிலும் சேராது.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, தாத்தாவின் அம்பாசடரோ முதல் பெயிண்டோடு நிற்கிறதா? பட்டறைக்கு விடும் முன் பெயிண்ட் கனத்தை மைக்ரான் மீட்டரால் அளந்து பாருங்கள். 150க்குள் இருந்தால் பெரும்பாலும் ஆலைப் பெயிண்ட். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அங்கே ராடு உதவாது. ஒடுக்கு வழவழப்பாக, பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால் மட்டும் ராடு பிடிப்பவரிடம் கொடுங்கள்; பழைய லாக்கரில் கைவைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். கூர்மையாக மடிந்து பெயிண்ட் உதிர்ந்துவிட்டதா, தயங்காமல் நல்ல டிங்கரிங் மேஸ்திரியைத் தேடிப் போங்கள். தட்ட அவருக்கு வேண்டிய நாட்களையும் கொடுங்கள்.